பதில் தெரியும், பட்டன் விடணுமே!

முதல் ரகசியத்தை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன்: அவர்கள் ஒரே உயரம் இல்லை!

அமெரிக்காவின் ‘ஜெப்பர்டி!’ வினாடி வினாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு மேசைக்குப் பின்னால் மூன்று போட்டியாளர்கள் நிற்பார்கள். மூன்று தலையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும். நடுவில் நிற்பவர் ஆறேகால் அடி, ஓரத்தில் நிற்பவர் ஐந்தடிக்கும் குறைவு என்றாலும் அப்படித்தான். எப்படி? மேசைக்குப் பின்னால் இருக்கும் தரை ஏறும், இறங்கும்! ஆளைப் பார்த்து அதை உயர்த்தி வைத்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்து, தொகுப்பாளரோடு நின்று பேச எல்லோரும் முன்னால் வரும்போதுதான் குட்டு வெளிப்படும். அட, இந்தப் பெண் இவ்வளவு சின்னப் பெண்ணா என்று வீட்டில் இருப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

அந்த ஏறும் தரையில் கல்லூரிப் பிள்ளைகளை ஏற்றிவிட்டு வேடிக்கை பார்த்ததுதான் ‘கல்லூரிச் சாம்பியன்ஷிப்’. 1989-ல் தொடங்கியது. அந்த முதல் பட்டத்தை வென்றவர் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் டாம் கபேஜ். மனிதர் அதோடு விட்டாரா? அதே வருடம், வேலைக்குப் போகிற பெரியவர்கள் எல்லாம் மோதிய ‘சாம்பியன்களின் போட்டி’யிலும் புகுந்து அதையும் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

பல வருடங்கள் ஒரே அமைப்புதான். 15 கல்லூரி, 15 மாணவர்கள். தொலைக்காட்சியில் இரண்டு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, பத்து பகுதிகள். வீட்டில் இருப்பவர் நகத்தைக் கடித்துக்கொண்டு நாளை என்ன ஆகுமோ என்று தூங்கப் போவார். ஸ்டூடியோவில் ‘நாளை’ என்பதே கிடையாது. ஒரு நாளைக்கு ஐந்து ஆட்டம் என்று இரண்டே நாளில் முழுப் போட்டியையும் பதிவு செய்து மூட்டை கட்டிவிடுவார்கள். திங்கட்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில் கால் மணி, அரை மணி நேரம்தான். அதற்குள் தொகுப்பாளர் ஓடிப்போய் கோட்டு மாற்றிக்கொண்டு வருவார், பொழுது விடிந்துவிட்டது என்று நம்மை நம்ப வைக்க. மற்ற வாரங்களில் வருகிற சாதாரணப் போட்டியாளர்களையும் மாற்று உடைகளோடு வரச் சொல்வார்கள். ஜெயித்தால் அடுத்த ‘நாள்’ வேறு சட்டை வேண்டுமே! கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவரவர் கல்லூரிப் பெயர் நெஞ்சில் பெரிதாக எழுதிய ஸ்வெட்ஷர்ட் போதும். மேடை முழுக்கச் சிவப்பும் நீலமும் ஆரஞ்சுமாக, விளையாட்டு விழா மாதிரி இருக்கும்.

சரி, கேமரா கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக உள்ளே போவோமா?

இடம், லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டியுள்ள கல்வர் சிட்டி. சோனி பிக்சர்ஸ் ஸ்டூடியோ வளாகம். ஒரு காலத்தில் எம்.ஜி.எம். நிறுவனத்தின் கோட்டையாக இருந்த இடம். 1939-ல் வந்த ‘தி விஸார்ட் ஆஃப் ஆஸ்’ இங்கேதான் படமானது. இதே வளாகத்தில்தான் ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’ என்ற இன்னொரு போட்டி நிகழ்ச்சியின் சக்கரமும் சுற்றுகிறது. நமக்கு வேண்டியது 10-ஆம் எண் தளம். 1984 முதல் 2020 நவம்பரில் இறக்கும்வரை இந்த நிகழ்ச்சியை நடத்திய அலெக்ஸ் ட்ரெபெக்கின் பெயரை 2021-ல் அந்தத் தளத்துக்கு வைத்துவிட்டார்கள். சில வருடங்களில் மொத்த செட்டையும் லாரியில் ஏற்றிக்கொண்டு கல்லூரி வளாகங்களுக்கே போனதும் உண்டு. 2008-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கோல் சென்டர் என்ற பெரிய உள்விளையாட்டு அரங்கில் நடத்தினார்கள். கூடைப்பந்துக்குக் கத்துகிற கூட்டம் வினாடி வினாவுக்குக் கத்தினால் எப்படி இருக்கும்! நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

இந்த மேடைக்கு வந்து சேர்வது சுலபமில்லை. முதலில் இணையத்தில் ஒரு தேர்வு. 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி வந்து நிற்கும். அதில் தேறியவர்களில் சிலரைக் கூப்பிட்டு ஒத்திகை ஆட்டம் ஆட வைப்பார்கள். இந்தக் கட்டத்தில் அறிவை மட்டும் பார்ப்பதில்லை. குரல் வெளியே வருகிறதா, முகத்தில் சிரிப்பு இருக்கிறதா, தப்பான பதில் சொல்லிவிட்டு இடிந்துபோய் நிற்கிறாரா அல்லது அடுத்ததற்குப் பாய்கிறாரா என்று கவனிப்பார்கள். நடமாடும் நூலகமாக இருந்தும், கேட்ட கேள்விக்குத் தரையைப் பார்த்து முணுமுணுக்கிற பிள்ளைக்கு இங்கே இடம் கிடைப்பது கஷ்டம். என்ன இருந்தாலும் இது டி.வி. அல்லவா!

பதிவு நாள் காலை. பாதித் தூக்கத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். உள்ளே நுழைந்ததும் முதல் அதிர்ச்சி: போனைக் கொடு! இருபது வயதுப் பிள்ளைகளிடம் நாள் முழுக்க போன் இல்லை. கையெழுத்துப் போட ஒரு கட்டுக் காகிதம். அப்புறம் மேக்கப் நாற்காலி. வாழ்நாளில் முகத்துக்குப் பவுடர் போட்டிராத பையன்கள் கண்ணாடியில் தங்களையே திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

அடுத்தது, எனக்கு ரொம்பப் பிடித்த கூத்து. ஒவ்வொருவரும் கேமரா முன் நின்று தங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு அழைப்பு சொல்ல வேண்டும். ‘நான் இன்னார், இன்ன கல்லூரி, என்னை ஜெப்பர்டியில் பாருங்கள்’ என்று சில விநாடி விளம்பரம். வெறுமனே சொன்னால் போதாது, கல்லூரியின் சின்னமான விலங்கையோ பறவையையோ வைத்து ஒரு கடி ஜோக் அடித்தால் கூடுதல் மகிழ்ச்சி. இயற்பியலில் ஆராய்ச்சி செய்யப் போகிற பெண் கழுகு மாதிரி கையை விரிப்பதும், வருங்கால வக்கீல் புலி மாதிரி உறுமுவதும் வரலாற்றில் பதிவாகிவிடுகிறது. பேரப் பிள்ளைகள் யூடியூபில் தேடி எடுக்கப் போகிறார்கள், பாவம்.

பக்கத்து அறையில் ஒருங்கிணைப்பாளர்கள் ஆளுக்கொரு அட்டையை வைத்துக்கொண்டு கதை சேகரிக்கிறார்கள். முதல் விளம்பர இடைவேளை முடிந்ததும் தொகுப்பாளர் ஒவ்வொருவரிடமும் அரை நிமிடம் அரட்டை அடிப்பார் இல்லையா? அது அந்த நேரத்தில் தோன்றிய அரட்டை கிடையாது. வாழ்க்கையில் நடந்த சுவையான சம்பவங்களை மாணவர்கள் முன்னாலேயே எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதில் தேறியவை அட்டையில் ஏறும். எதைக் கேட்பது என்பது தொகுப்பாளர் இஷ்டம். கேள்வி பதிலைவிட இந்த அரை நிமிடத்துக்குப் பயப்படுகிறவர்கள்தான் அதிகமாம். நியாயம்தானே? 19 வயதில் ஊருக்கே சொல்லும்படி என்ன பெரிதாக நடந்திருக்கும்!

இப்போது கவனியுங்கள். ஒரு பையன் பாத்ரூம் போக எழுகிறான். கூடவே ஒரு ஊழியரும் எழுகிறார். அவன் போகிற இடமெல்லாம் அவரும் போகிறார். தொகுப்பாளர் ஒரு பக்க நடையில் வந்தால் போட்டியாளர்கள் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. கேள்வி எழுதுகிறவர்களின் நிழல்கூட இவர்கள் மேல் படக் கூடாது. எந்த ஆட்டத்துக்கு எந்தக் கேள்விக் கட்டு என்பதைக்கூட நிகழ்ச்சிக் குழுவுக்கு வெளியே உள்ள கண்காணிப்பாளர்தான் எடுத்துக் கொடுப்பார். ஏன் இவ்வளவு கெடுபிடி?

1950-களில் அமெரிக்க வினாடி வினாக்கள் சிரித்துப் போன கதை அது. ‘ட்வென்டி ஒன்’ என்ற நிகழ்ச்சியில் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் சார்லஸ் வான் டோரன் வாரா வாரம் வென்று நாட்டுக்கே செல்லப் பிள்ளையாக இருந்தார். பதில்களை அவருக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 1959-ல் நாடாளுமன்றக் குழு முன்னால் அவரே ஒப்புக்கொண்டார். மறுவருடம், வினாடி வினாவில் தில்லுமுல்லு செய்வது சட்டப்படி குற்றம் ஆனது. அந்தக் களேபரத்துக்குப் பிறகு ஒரு விமானப் பயணத்தில், ஏதாவது புது நிகழ்ச்சி செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த டி.வி. தயாரிப்பாளர் மெர்வ் கிரிஃபினிடம் அவர் மனைவி ஜூலான் சொன்னார்: பதிலைச் சொல்லிக் கொடுத்ததுதானே குற்றம்? பேசாமல் நாமே எல்லோருக்கும் பதிலைக் கொடுத்துவிடுவோம், அவர்கள் கேள்வியைச் சொல்லட்டும்! ‘5,280’ என்றார் அவர். ‘ஒரு மைலுக்கு எத்தனை அடி?’ என்றார் இவர். 1964 மார்ச் 30-ல் ‘ஜெப்பர்டி!’ ஒளிபரப்பாகத் தொடங்கியது. பாத்ரூம் வாசலில் நிற்கிற அந்த ஊழியருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது, ஒரு வகையில், வான் டோரன்தான்.

ஒத்திகை. முதன்முதலாக மேடை ஏறுகிறார்கள். டி.வி.யில் பார்த்ததைவிட எல்லாமே சின்னதாக, நெருக்கமாக, கொஞ்சம் குளிராக. மின்பேனாவால் திரையில் பெயர் எழுதிப் பழகுகிறார்கள். சிலர் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம், இதயம், கல்லூரி முத்திரை எல்லாம் வரைகிறார்கள். அப்புறம் கையில் தருகிறார்கள் அந்தப் பட்டனை.

இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நிகழ்ச்சியின் உயிர், பட்டன் பொருத்திய இந்தக் குழலின் நுனியில் இருக்கிறது.

பலகையில் குறிப்பு, அதாவது அந்தப் ‘பதில்’, தெரிந்ததும் மூவரும் கண்ணால் படித்துவிடுவார்கள். தொகுப்பாளர் வாய்விட்டுப் படித்து முடிப்பதற்கு முன்பே முக்கால்வாசி நேரம் மூவருக்கும் பதில் தெரிந்திருக்கும். ஆனால் அவர் கடைசி அசையைச் சொல்லி முடிக்கும்வரை பட்டன் வேலை செய்யாது. மேடைக்கு வெளியே ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாசிப்பு முடிந்த கணம் அவர் ஒரு விசையைத் தட்டுவார். பலகையின் இரண்டு பக்கமும் சின்ன விளக்குகள் எரியும். நம் வீட்டுத் திரையில் அவை தெரியாது. விளக்கு எரிந்த பிறகு யார் முதலில் அழுத்துகிறாரோ அவருக்கு வாய்ப்பு. எரியும் முன்பே அழுத்திவிட்டால்? கால் விநாடி பூட்டு! கால் விநாடி என்றால் உங்களுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. அங்கே அதற்குள் மற்ற இருவரும் புகுந்து கதையை முடித்துவிடுவார்கள்.

கிளம்புகிற டவுன் பஸ்ஸில் ஓடி ஏறுகிற வித்தைதான் இது. முந்தினால் கம்பி கையில் சிக்காது, பிந்தினால் பஸ்ஸே இருக்காது.

1984-ல் ட்ரெபெக் பொறுப்பேற்ற முதல் பருவத்தில் இந்தப் பூட்டெல்லாம் இல்லை. குறிப்பு தெரிந்ததும் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். தொகுப்பாளர் பாதி படிக்கும்போதே மணி அடித்துத் தள்ளினார்கள். வீட்டில் இருப்பவர் படித்து, யோசித்து, சோபாவில் இருந்து கத்துவதற்கு நேரமே கிடைக்கவில்லை. அதனால் அடுத்த வருடமே விதியை மாற்றினார்கள்.

ஆக, திரையில் நாம் பார்ப்பதும் மேடையில் நடப்பதும் வேறு வேறு. ஒரு மாணவி ஐந்து கேள்விக்கு வாயே திறக்காமல் நிற்கிறாள். ‘பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று நாம் முடிவு கட்டுகிறோம். அவள் கையைப் பார்த்தால் தெரியும், கட்டைவிரல் பட்டனைக் குத்து குத்தென்று குத்திக்கொண்டிருக்கும். ஐந்துக்கும் பதில் தெரியும், விரல்தான் ஒரு கண்ணிமை நேரம் முந்தியோ பிந்தியோ போயிருக்கிறது. தோற்றவர்கள் வீட்டுக்கு வந்து சொல்கிற முதல் வாக்கியம் உலகெங்கும் ஒன்றேதான்: ‘எனக்குப் பதில் தெரியும், பட்டன் விடவில்லை!’ நம்புங்கள். அவர்கள் சாக்குச் சொல்லவில்லை.

இதற்காக நடக்கிற பயிற்சியைப் பார்க்க வேண்டுமே! ஹாஸ்டல் அறையில் டி.வி. முன்னால் நின்றபடி (உட்கார்ந்தபடி பழகினால் மேடையில் கால் நடுங்குமாம்) கையில் ஸ்பிரிங் பேனாவை வைத்து டிக் டிக் என்று அழுத்துவார்கள். டாய்லெட் காகிதச் சுருள் மாட்டுகிற அந்த ஸ்பிரிங் குழலைக் கழற்றி வைத்துப் பழகுகிறவர்களும் உண்டு. தடிமன் ஏறக்குறையச் சரியாக இருக்கிறதாம்! அறைத் தோழர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இந்தப் பட்டன் ஒன்றை மட்டுமே வைத்து, முன்னாள் போட்டியாளர் ஃப்ரிட்ஸ் ஹோல்ஸ்நாகல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

விளக்கைப் பார்த்து அழுத்துவதா, குரலைக் கேட்டு அழுத்துவதா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. விளக்கு எரிந்து, கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அசைவதற்குள் நேரம் போய்விடுகிறது என்பது குரல் கட்சி. அவர்கள் தொகுப்பாளர் எந்த இடத்தில் மூச்சு விடுகிறார், கடைசிச் சொல்லை இழுக்கிறாரா வெட்டுகிறாரா என்று தாளம் போட்டுக் கற்றுவைத்திருப்பார்கள். குறும்பு என்னவென்றால், ஒத்திகையில் கேள்வி வாசிப்பது தொகுப்பாளர் இல்லை, ஒரு ஊழியர். அவருடைய தாளத்துக்குப் பழகிய விரலோடு நிஜ ஆட்டத்துக்குப் போனால் முதல் நாலைந்து கேள்வி கோவிந்தா! நான் குரல் கட்சி. வீட்டுச் சோபாவில் இருந்தபடி எந்தக் கட்சியில் வேண்டுமானாலும் சேரலாம் அல்லவா.

கண்ணைக் கட்டும் வித்தை அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதால் ஒரு நிமிடம் அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டு வரலாம். அமெரிக்காவில் 1953-ல் வானொலியில் தொடங்கி அப்புறம் டி.வி.க்கு வந்த ‘காலேஜ் பவுல்’ என்ற போட்டியைப் பார்த்துத்தான் 1962-ல் பிரிட்டனில் ‘யுனிவர்சிட்டி சேலஞ்ச்’ பிறந்தது. கல்லூரிக்கு நால்வர். திரையில் ஓர் அணி மேலே, ஓர் அணி கீழே, மாடி வீடு மாதிரி தெரியும். உண்மையில் இரண்டு அணியும் ஒரே தரையில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன, இரண்டு படத்தை ஒட்டிக் காட்டுகிறார்கள். ‘தி யங் ஒன்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடர் 1984-ல் இதைக் கிண்டலடிக்க, நிஜமாகவே மாடி கட்டி, ஓர் அணியை இன்னோர் அணியின் தலைக்கு மேல் உட்கார வைத்தது. இன்னொரு கதையும் சொல்லாமல் வர மனசில்லை. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மட்டும் ஒவ்வொரு கல்லூரியையும் தனி அணியாக அனுப்பலாம், மற்ற பல்கலைக்கழகங்களுக்கு ஒரே அணிதான் என்ற ஏற்பாட்டை எதிர்த்து, 1975-ல் மான்செஸ்டர் மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எந்தக் கேள்வி கேட்டாலும் ‘மார்க்ஸ்’, ‘லெனின்’, ‘ட்ராட்ஸ்கி’, ‘சே குவேரா’ என்று மாற்றி மாற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்! அந்த நிகழ்ச்சியை 2023 முதல் நடத்துபவர் கொல்கத்தாவில் பிறந்து, மூன்று வயதில் லண்டன் போய்ச் சேர்ந்த அமோல் ராஜன்.

சரி, கல்வர் சிட்டிக்குத் திரும்புவோம். ஆட்டம் தொடங்கப் போகிறது.

யார் யாரோடு மோதுவது என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் முன்னால்தான் மூன்று பெயர்களைக் குலுக்கி எடுத்துக் கூப்பிடுவார்கள். மீதிப் பேர் காத்திருப்பு அறையில். இது சாதாரணக் காத்திருப்பு இல்லை. கால் இறுதி ஐந்து. ஐந்து வெற்றியாளர்கள் நேராக அரை இறுதிக்குப் போவார்கள். தோற்றவர்களில் அதிகத் தொகை எடுத்த நால்வருக்கும் இடம் உண்டு. வைல்டு கார்டு! அப்படியானால் முந்தைய ஆட்டங்களில் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று தெரிந்தால் பின்னால் ஆடுபவருக்குக் கொள்ளை லாபம் இல்லையா? அதனால்தான் இன்னும் ஆடாதவர்கள் எதையும் பார்க்கக் கூடாது, கேட்கக் கூடாது. ஆடி முடித்தவர்கள் திரும்பி வந்து இவர்களோடு கலக்கவும் கூடாது. கதவு திறக்கும், மூவர் போவார்கள், அவ்வளவுதான்.

15 பேராக இருந்த அறை 12 ஆகிறது, 9 ஆகிறது, 6 ஆகிறது. சாயங்காலம் மூவர் மட்டும் மிச்சம். காலையிலிருந்து போன் இல்லை, செய்தி இல்லை. மேக்கப் கலைந்து மூன்றாவது தடவை பூசியாயிற்று. ஒருவரையொருவர் தோற்கடிக்க வந்தவர்கள், வேறு யாரும் பேச்சுத்துணை இல்லாததால் இந்நேரம் உயிர் நண்பர்கள் ஆகியிருப்பார்கள். ‘சின்ன வயதில் நீ என்ன என்சைக்ளோபீடியா படித்தாய்?’ என்று விசாரித்துக்கொள்கிற பிள்ளைகள் இவர்கள். ஊரில் தன்னைப்போல ஒரே ஒரு ஆள்தான் என்று நினைத்து வளர்ந்தவர்களுக்கு, அப்படிப்பட்ட 14 பேர் ஒரே அறையில் கிடைத்தால் சும்மா இருக்குமா மனசு!

மேடையில் அறிவிப்பாளர் ஜானி கில்பர்ட்டின் குரல். 1984-லிருந்து ‘திஸ் இஸ் ஜெப்பர்டி!’ என்று முழங்குபவர். 1924-ல் பிறந்தவர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விளக்குகள் பளிச். ஆறு தலைப்பு, தலைப்புக்கு ஐந்து குறிப்பு, அப்படி இரண்டு சுற்று. மேசைக்கு அந்தப் பக்கம் நடுவர்கள், ஆராய்ச்சியாளர்கள், எழுத்தாளர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு பதிலையும் காதால் சல்லடை போடுகிறார்கள். சந்தேகம் வந்தால் இடைவேளையில் தேடிப் பார்த்து, தப்பென்று பறித்த பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. விளம்பர இடைவேளையில் தண்ணீர் வரும், பவுடர் வரும், ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்து ‘சிரி, சத்தமாகப் பேசு, பட்டனை ஒரு தடவை அழுத்திவிட்டு நிறுத்தாதே’ என்று முதுகில் தட்டிவிட்டுப் போவார். தொகுப்பாளர் பார்வையாளர்கள் பக்கம் திரும்பி அவர்கள் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். எங்கேயாவது ஒரு பெயரைத் தப்பாக உச்சரித்திருந்தால் அந்த வரியை மட்டும் மறுபடி பதிவு செய்வார். நம் காதுக்கு எல்லாம் ஒரே மூச்சில் ஓடியதாகக் கேட்கும்.

கடைசிக் கேள்விக்கு முந்திய இடைவேளை நமக்கு இரண்டு விளம்பரம். அங்கே நேரம் நின்றுவிடும். வெள்ளைத் தாளும் எழுதுகோலும் கொடுத்துவிட்டு, அதுவரை சேர்த்த பணத்தில் எவ்வளவு பணயம் வைப்பது என்று நிதானமாகக் கணக்குப் போடச் சொல்வார்கள். முதலில் இருப்பவரிடம் 18,000, அடுத்தவரிடம் 10,000 என்று வையுங்கள். அடுத்தவர் எல்லாவற்றையும் வைத்து ஜெயித்தால் 20,000 ஆவார். ஆகவே முதல்வர் வைக்க வேண்டியது 2,001. அந்த ஒரு டாலருக்காகத்தான் இவ்வளவு தலையைப் பிய்த்துக்கொள்வது. கால் இறுதியில் இன்னும் சிக்கல்: தோற்றாலும் வைல்டு கார்டில் நுழையலாம், ஆனால் எவ்வளவு இருந்தால் நுழையலாம் என்று தெரியாது. இறுதி ஆட்டமோ இரண்டு ‘நாள்’ மொத்தக் கணக்கு. கணிதம் படிக்கிற பிள்ளை இங்கே கூட்டலில் தப்பு செய்வதைப் பார்க்க எனக்கு இன்பமாக இருக்கும், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

‘என்ன’, ‘யார்’ என்ற கேள்விச் சொல்லை மட்டும் முன்னாலேயே திரையில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், பரபரப்பில் மறந்துவிடக் கூடாதென்று. அப்புறம் 30 விநாடி, அந்த இசை. மெர்வ் கிரிஃபின் தன் மகனைத் தூங்க வைக்கப் போட்ட தாலாட்டு மெட்டு அது! அந்த அரை நிமிட மெட்டு தனக்குச் சுமார் 7 கோடி டாலர் சம்பாதித்துக் கொடுத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். உலகத்திலேயே அதிகச் சம்பளம் வாங்கிய தாலாட்டாக இருக்கும்.

வெற்றி உறுதியாகிவிட்டால் இந்தப் பிள்ளைகளின் வால்தனத்துக்கு அளவில்லை. 2017-ல் எம்.ஐ.டி. மாணவி லில்லி சின் இறுதி ஆட்டத்தின் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதவேயில்லை. அதற்குப் பதிலாக ‘காரமான மீம்களின் தலைவர் யார்?’ என்கிற பொருளில், இணையத்தில் மீம் போடுகிற தன் வயசுக்காரர்களுக்கு மட்டும் புரிகிற ஒரு வரியை எழுதிவைத்தார். பட்டமும் 1,00,000 டாலரும் அவருக்கே. ‘மீம்லார்டு’ என்ற அந்தச் சொல்லோடு நின்ற அவர் திரையைப் படம் பிடித்து இளசுகள் ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள்.

2018-ல் கல்லூரிப் பட்டம் வென்றவர் பிரவுன் பல்கலைக்கழகத்தின் துருவ் கௌர். மறுவருடம் நவம்பரில் சாம்பியன்களின் போட்டிக்கு மறுபடி வந்தார். ட்ரெபெக் கணையப் புற்றுநோயோடு நின்று நடத்திக்கொண்டிருந்த நேரம். அரை இறுதியின் கடைசிக் கேள்வியில் தான் ஜெயிக்க வழியில்லை என்று துருவுக்குத் தெரிந்தது. பதிலை எழுதவில்லை. கேள்வி வடிவ விதியையும் மீறாமல், ‘வாட் இஸ்’ என்று தொடங்கி, ‘உங்களை நேசிக்கிறோம், அலெக்ஸ்!’ என்று எழுதினார், நடுவில் ஒரு இதயமும் வரைந்து. அதை வாசிக்கத் தொடங்கிய ட்ரெபெக்கின் குரல் உடைந்தது. துருவ் வைத்த பணயம் 1,995 டாலர், மிஞ்சியது 5. அந்த 1,995 டாலரைவிட நல்ல முதலீடு அந்த மேடையில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

2022-ல் இந்தத் திருவிழாவை இன்னும் பெரிதாக்கினார்கள். 36 கல்லூரி, 36 மாணவர்கள், ஏ.பி.சி. தொலைக்காட்சியில் இரவு முக்கிய நேரம், தொகுப்பாளர் மாயிம் பியாலிக். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜஸ்கரன் சிங் 2,50,000 டாலரோடு போனார். அடுத்த வருடம் இன்னொரு குறும்பு: 2018, 2019-ல் பள்ளிப் பிள்ளைகளாக வந்து ஆடிய 27 பேரை, கல்லூரி வயதில் மறுபடி கூப்பிட்டு மோதவிட்டார்கள். பல்லில் கம்பி கட்டிய பழைய முகத்தையும் தாடி வைத்த புது முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற சுகமே தனி. அதில் வென்ற ஜஸ்டின் போல்சனும் பிரவுன் பல்கலைக்கழகம்தான். அங்கே தண்ணீரில் என்ன கலக்கிறார்கள் என்று யாராவது விசாரிக்க வேண்டும்.

பதிவு முடிந்தது. போன் கைக்குத் திரும்பி வருகிறது. முதல் வேலை, 15 பேரும் ஒரு குழு தொடங்குவது. இரண்டாவது வேலை, வாயைப் பூட்டிக்கொள்வது. ஒளிபரப்பாகும்வரை முடிவை வெளியே சொல்லக் கூடாது, அதற்கு வாரக்கணக்கு ஆகலாம், மாதக்கணக்கும் ஆகலாம். 2020 ஏப்ரலில் ஒளிபரப்பான தொடர் கொரோனாவுக்கு முன்னால் பதிவானது. கல்லூரிகள் மூடி, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, அதில் வென்ற மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் நிபிர் சர்மா தன் வெற்றியைத் திரையில் பார்க்க வேண்டி வந்தது.

யோசித்துப் பாருங்கள். திங்கட்கிழமை காலை வகுப்பு. ‘போன வாரம் ஏன் வரவில்லை?’ என்று பேராசிரியர் கேட்கிறார். ‘ஊருக்குப் போயிருந்தேன்’ என்று தலையைச் சொறிகிறது அந்தப் பிள்ளை. கால் இறுதியிலேயே தோற்றிருந்தாலும், 2010-களின் கணக்குப்படி 5,000 டாலர் உண்டு. ஜெயித்திருந்தால் லட்சம். ஆனால் காசோலை வருவது ஒளிபரப்பு முடிந்து கிட்டத்தட்ட 120 நாள் கழித்துத்தான். அதுவரை லட்சம் டாலர் சாம்பியனுக்கும் ஹாஸ்டல் மெஸ் சாப்பாடுதான், பீட்சாவுக்கு அறைத் தோழனிடம் கடன்தான். கொடுப்பானா? ராத்திரி முழுக்க டிக் டிக் என்று பேனாவை அழுத்தித் தூக்கத்தைக் கெடுத்தவன் கேட்டால், சந்தேகம்தான்.